மாதிரியும் படமும்: புதுச்சேரி வட்டாரப் பூச்சியியல் ஆவணங்களில் மேக்ரோ ஒளிப்படத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டு முதல் புதுச்சேரியிலும் அதனை அடுத்த சோழமண்டலக் கரையிலும் பூச்சிகளும் பிற உயிரினங்களும் சேகரிக்கப்பட்டு, வரையப்பட்டு, பெயரிடப்பட்டு வந்துள்ளன. அம்மாதிரிகளில் பெரும்பகுதி ஐரோப்பிய அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தது. ஓவியம், ஊசியில் குத்திய மாதிரி, ஒளிப்படம் என்னும் மூன்று ஆவண வடிவங்களும் இவ்வட்டாரத்தில் எவ்வாறு பயன்பட்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. பூச்சி மாதிரியை அண்மையில் வைத்துப் பெருக்கி எடுக்கப்படும் மேக்ரோ ஒளிப்படம், மாதிரியின் இடத்தைப் பிடிக்கவல்லதா என்பதே இதன் மையக் கேள்வி. படம் மாதிரிக்குத் துணைநிற்கும் சான்றே அன்றி மாற்று ஆகாது என்பதையும், பெயர்ச்சீட்டும் அளவுகோலும் இல்லாத படம் பழைய ஓவியங்கள் செய்த பிழையையே மீண்டும் செய்யும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, பூச்சியியல், மேக்ரோ ஒளிப்படம், மூலமாதிரி, சொன்னெரா, மேந்த்ரோன், கொசு ஆய்வு, குவிய அடுக்கு

முன்னுரை

புதுச்சேரியின் வரலாற்றை எழுதியோர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும், பிரெஞ்சுக் கும்பினியின் கடிதங்களையும், நகரமைப்பு வரைபடங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டுள்ளனர். இவற்றோடு வைத்து எண்ணத்தக்க வேறொரு சான்றுத் தொகுதியும் உண்டு. இந்நிலத்திலிருந்து திரட்டப்பட்டு, ஊசியில் குத்தி, சிறு சீட்டு ஒன்றில் ஊர்ப்பெயர் எழுதிப் பெட்டியில் அடுக்கப்பட்ட பூச்சிகளே அவை. அச்சீட்டில் உள்ள இடப்பெயரும் நாளும் சேகரித்தவர் பெயரும் ஒரு கல்வெட்டின் வரிகளைப் போன்று வரலாற்றுத் தகவல்களே. கல்வெட்டுக்குப் படியெடுத்தல் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது பூச்சி மாதிரிக்குப் படம்.

ஆயினும் கல்வெட்டுப் படிக்கும் பூச்சிப் படத்துக்கும் வேறுபாடு உண்டு. கல்வெட்டு பெரும்பாலும் தன் இடத்திலேயே நிற்கும்; படியில் ஐயம் எழுந்தால் நேரில் சென்று பார்க்கலாம். பூச்சி மாதிரியோ எளிதில் உடைவது, பூஞ்சை பிடிப்பது, பிற பூச்சிகளுக்கு உணவாவது. பல நேரங்களில் கடல்கடந்து சென்றுவிட்டது. ஆகவே படத்தின்மேல் சுமத்தப்படும் பொறுப்பு இங்கு மிகப்பெரிது. அப்பொறுப்பைப் படம் எந்த அளவு தாங்கும் என்பதை இவ்வட்டாரத்தின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஓவியத்தின் காலம்

புதுச்சேரியோடு தொடர்புடைய இயற்கை வரலாற்று ஆசிரியர்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் பியேர் சொன்னெரா (1748-1814). லியோன் நகரில் பிறந்து பிரெஞ்சு அரசுப் பணியில் கீழை நாடுகளுக்கு வந்த இவர் புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1782ஆம் ஆண்டு பாரிசில் வெளிவந்த இவரது கிழக்கிந்தியா, சீனா பயண நூல் தென்னிந்தியரின் தொழில்கள், சமயச் சடங்குகள், தெய்வ வடிவங்கள், பறவைகள், செடிகள் முதலியவற்றைச் செப்புத்தகட்டுப் படங்களுடன் விளக்கியது. அக்காலத் தமிழகச் சமூக வரலாற்றை எழுதுவோர் இப்படங்களை இன்றும் பயன்படுத்துகின்றனர்.

சொன்னெராவின் படங்களைச் சான்றாகக் கொள்வோர் அவரது முந்தைய நூலின் கதையையும் அறிந்திருத்தல் வேண்டும். 1776இல் வெளிவந்த நியூகினிப் பயண நூலில், நியூகினியில் காணப்படுவனவாகப் பென்குவின் பறவைகளை அவர் வரைந்து காட்டினார். தென்கடல் குளிர்ப்பகுதிக்கு உரிய அப்பறவைகள் நியூகினியில் இல்லை. சொன்னெராவும் நியூகினித் தீவை அடைந்தவர் அல்லர். பிறரிடமிருந்து கிடைத்த மாதிரிகளுக்கு அவர் தவறான இடத்தைச் சூட்டிவிட்டார். ஓவியங்களைப் பார்த்தே பெயரிட்ட பிற்கால அறிஞர்கள் அப்பிழையைப் பெயரில் நிலைநிறுத்தினர். ஜென்டூ பென்குவினின் அறிவியல் பெயர் இன்றும் பப்புவா என்னும் சொல்லைச் சுமக்கிறது. ஆஸ்திரேலியாவின் கூக்கபரா மீன்கொத்தி நியூகினிப் பெயரைச் சுமக்கிறது. முதலில் சூட்டிய பெயருக்கே முன்னுரிமை என்னும் விதியால், பிழை என்று தெரிந்த பின்னும் அப்பெயர்களை மாற்ற இயலவில்லை.

இதே வகைப் பிழை பூச்சியியலில் புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள தரங்கம்பாடியின் பெயரிலும் நேர்ந்தது. டேனியர் ஆட்சியில் இருந்த அவ்வூருக்கு 1768இல் மிஷன் மருத்துவராக வந்த யோகான் கெரார்டு கோனிக் (1728-1785), வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயசிடம் பயின்றவர். அவர் திரட்டி அனுப்பிய பூச்சிகளை, லின்னேயசின் மற்றொரு மாணவரான யோகான் கிறிஸ்தியான் ஃபாப்ரீசியஸ் தம் நூல்களில் விவரித்துப் பெயரிட்டார். தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றிக் கோனிக் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் வெளியாயிற்று. கறையான்களின் வாழ்வியலை நேரில் கண்டு எழுதிய முன்னோடி ஆய்வுகளுள் அது ஒன்றாகும். இவ்வாறு தரங்கம்பாடி ஐரோப்பியப் பூச்சியியலில் நன்கு அறியப்பட்ட ஊராயிற்று.

அப்புகழே ஒரு தவறுக்கும் இடமளித்தது. 1806இல் ஹெர்ப்ஸ்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஒரு புலிவண்டுக்குச் சிசிண்டெலா டிராங்கபாரிகா என்று பெயரிட்டார். தரங்கம்பாடியில் கிடைத்தது என்று கருதப்பட்ட அவ்வண்டு உண்மையில் வட அமெரிக்காவுக்கு உரியது. எங்கோ ஒரு கட்டத்தில் மாதிரியும் இடக்குறிப்பும் மாறிப்போயின. அமெரிக்க மணல்வெளிகளில் ஓடும் அவ்வண்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சோழமண்டலக் கரையின் ஊர்ப்பெயரைத் தாங்கி வருகிறது.

இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துவது ஒன்றே. வடிவத்தைத் துல்லியமாகக் காட்டும் படம் இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பென்குவினின் ஓவியம் பென்குவினைச் சரியாகவே காட்டியது. தவறு அதன் கீழே எழுதப்பட்ட சொல்லில் இருந்தது. ஒளிப்படக் காலத்தை ஆராயும்போது இக்கருத்தை மனத்தில் கொள்ளல் வேண்டும்.

2. ஊசியின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியத்தைவிட மாதிரி முதன்மை பெற்றது. ஒரு சிற்றினத்தின் பெயர் குறிப்பிட்ட ஒரு மாதிரியோடு பிணைக்கப்பட்டது. பெயரின் பொருளில் ஐயம் எழுந்தால் அம்மாதிரியையே எடுத்துப் பார்க்க வேண்டும் என்னும் நெறி படிப்படியாக வலுப்பெற்றது. இத்தகைய மாதிரியை இக்கட்டுரை மூலமாதிரி என்று குறிக்கிறது.

புதுச்சேரியைப் பொறுத்தவரை இக்காலத்தின் முதன்மையானவர் மோரிசு மேந்த்ரோன் (1857-1911). பாரிசில் பிறந்த இவர் பூச்சியியலாளராகவும் வரலாற்றுப் புதின ஆசிரியராகவும் விளங்கினார். நியூகினி, செனகல், இந்தியா முதலிய நாடுகளில் பயணம் செய்து பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக மாதிரிகளைத் திரட்டினார். தென்னிந்தியாவைப் பற்றி அவர் எழுதிய பயண நூல் இரு பகுதிகளாக வெளிவந்தது. சோழமண்டலக் கரையைப் பற்றிய பகுதி 1907இலும், கருநாடகத்தையும் மதுரையையும் பற்றிய பகுதி 1909இலும் வெளியாயின. இந்நூல்கள் இலக்கிய வரலாற்றில் ஓரளவு பேசப்பட்டாலும், அதே பயணத்தின் மற்றொரு விளைவான பூச்சித் தொகுதி தமிழ் ஆய்வுலகில் குறைவாகவே கவனம் பெற்றுள்ளது.

மேந்த்ரோன் கொண்டுசென்ற பொருள்களைத் துறைவாரியாகப் பிரித்துப் பல அறிஞர்கள் ஆராய்ந்தனர். அவர்களுடைய கட்டுரைகள் மேந்த்ரோனின் தென்னிந்தியப் பயணம் என்னும் பொதுத் தலைப்பில் பிரெஞ்சுப் பூச்சியியல் கழகத்தின் ஆண்டிதழில் தொடர்ந்து வெளிவந்தன. சிலந்தியியலின் பேரறிஞராகிய எழேன் சிமோன் 1906இல் இத்தொடரில் சிலந்திகளைப் பற்றி எழுதினார். அதே ஆண்டிதழில் ஸ்பெயின் நாட்டு அறிஞர் இக்னாசியோ பொலிவார், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் வெட்டுக்கிளித் தொகுதியை ஆராய்ந்து 1897 முதல் கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். தமிழ்நிலத்துப் பூச்சிகள் பிரெஞ்சு மொழியில், பாரிசு இதழில், ஐரோப்பிய அறிஞர்களால் விவரிக்கப்பட்டன என்பதை இவ்விரு தொடர்களும் காட்டுகின்றன.

இதன் நடைமுறை விளைவை ஆய்வாளர் நன்கறிவர். புதுச்சேரியிலோ செஞ்சியிலோ இன்று பிடிக்கப்படும் ஒரு சிலந்தி அக்காலத்தில் விவரிக்கப்பட்டதுதானா என்று உறுதிசெய்ய, பாரிசில் உள்ள மாதிரியோடு ஒப்பிட வேண்டும். அச்சிட்ட விவரிப்பு பெரும்பாலும் சில வரிகள். படம் இருந்தால் ஒரு கோட்டோவியம். மாதிரியை அஞ்சலில் வரவழைப்பது ஆபத்தானது. நேரில் செல்வது செலவு மிகுந்தது. மண் இங்கே இருக்க, அதன் பூச்சிகளைப் பற்றிய தீர்ப்பு அங்கே இருந்தது. நல்ல ஒளிப்படம் என்னும் தேவை இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

3. வில்லையின் எல்லை

ஒளிப்படக்கலை தோன்றிய நாள் முதலே பூச்சி அதன் பொருளாக இருந்து வந்துள்ளது. ஒளிப்பட முன்னோடிகளுள் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட், 1840ஆம் ஆண்டையொட்டி, சூரிய ஒளியால் இயங்கும் நுண்ணோக்கியைக் கொண்டு பூச்சிச் சிறகுகளைப் படமெடுத்தார். சிறகு ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு. ஆகவே அது முழுமையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பதிந்தது. பூச்சியின் தலையும் மார்பும் கால்களும் அவ்வாறு பதிவதில்லை. அதற்குக் காரணம் ஒளியியலில் உள்ளது.

பொருளின் உண்மை அளவும் உணரியின்மேல் விழும் பிம்பத்தின் அளவும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதை 1:1 பெருக்கம் என்பர். இவ்வளவையும் இதனை ஒட்டிய பெருக்கங்களையும் தரும் படத்தையே பொதுவாக மேக்ரோ ஒளிப்படம் என்கிறோம். பெருக்கம் கூடக்கூடத் தெளிவாகத் தெரியும் தடிமன், அதாவது குவிய ஆழம், விரைந்து குறைகிறது. ஏற்கத்தக்க மங்கல் வட்டத்தின் விட்டம் 0.02 மில்லிமீட்டர் என்று கொண்டால், 1:1 பெருக்கத்தில் துளை எண் 8 வைக்கும்போது குவிய ஆழம் ஏறத்தாழ 0.64 மில்லிமீட்டர். ஐந்து மடங்கு பெருக்கத்தில் துளை எண் 4 வைக்கும்போது அது 0.04 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கொசுவின் மார்போ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் உடையது. ஆக, ஒரு படத்தில் மார்பின் மிக மெல்லிய ஓர் அடுக்கு மட்டுமே தெளிவுபெறும்.

துளையைச் சுருக்கி ஆழத்தைக் கூட்டலாமே என்று கேட்கலாம். அவ்வழியும் அடைபட்டுள்ளது. ஐந்து மடங்கு பெருக்கத்தில் துளை எண் 4 என்பது நடைமுறையில் 24 ஆகவும், 16 என்பது 96 ஆகவும் செயல்படும். அவ்வளவு சிறிய துளையில் ஒளியின் விளிம்பு விளைவால் ஒரு புள்ளி, உணரியின்மேல் 0.1 மில்லிமீட்டருக்கும் அகலமான வட்டமாகப் பரவிவிடும். ஆழம் கூடும்; ஆனால் மயிரும் செதிலும் மறைந்துபோகும்.

இத்தடைக்குத் தீர்வு, ஒரே படத்தில் எல்லாவற்றையும் பெற முயலாமல், மாதிரியை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து எடுப்பதாகும். கேமராவையோ மாதிரியையோ 0.03 மில்லிமீட்டர் அளவில் நகர்த்தி நகர்த்தி எடுத்தால், ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு முப்பத்து நான்கு படங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் எடுத்துக் கணினி ஒன்றாகச் சேர்க்கும். இதுவே குவிய அடுக்கு முறை. கணினிக்கு முன்னரும் இவ்வெண்ணம் தோன்றியிருந்தது. 1960களில் அமெரிக்க அறிவியலாளர் டான் மெக்லாக்லன், மெல்லிய ஒளிப்படலம் ஒன்றின் ஊடே மாதிரியை மெதுவாக நகர்த்தி, ஒளிபட்ட அடுக்கு மட்டுமே பதியுமாறு செய்து இதே பயனை அடைந்தார்.

மேக்ரோ வில்லையின் வரலாற்றில் ஆவணப் பணிக்கு நேரடிப் பங்கு உண்டு என்பதும் கருதத்தக்கது. 1955இல் கில்ஃபிட் நிறுவனம் ஒற்றை வில்லைப் பிம்பக் கேமராவுக்கான மேக்ரோ வில்லையை வெளியிட்டது. மறு ஆண்டு ஜப்பானிய நிக்கான் நிறுவனம் வெளியிட்ட மைக்ரோ-நிக்கோர், கோடுகள் நெருங்கிய ஜப்பானிய எழுத்துகளைக் கொண்ட ஆவணங்களைச் சுருள்படத்தில் தெளிவாகப் பதிவதற்கென உருவாக்கப்பட்டதாகும். பிற்காலத்தில் பூச்சி, மலர் முதலியவற்றைப் படமெடுப்போர் விரும்பிய வில்லை வரிசை, எழுத்தைக் காக்கும் தேவையிலிருந்து பிறந்தது.

4. புதுச்சேரியில் கேமரா

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சிப்பகுதிகளின் நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1955 மார்ச் மாதம் ழான் ஃபிலியோசாவின் முயற்சியால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பெற்றது. இந்நிறுவனமும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து 1950களின் இடைப்பகுதி முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் முறையாகப் படமெடுத்தன. இவ்வாறு உருவான ஒளிப்படத் தொகுப்பு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டது. சிலை களவுபோன பின் அதன் பழைய இருப்பிடத்தை மெய்ப்பிக்க இப்படங்கள் பயன்பட்டமை ஆய்வுலகம் அறிந்ததே. ஒரு கோயிலின் பெயரோடும் நாளோடும் சேர்த்துப் பதியப்பட்ட படம் வழக்குமன்றத்திலும் சான்றாகும் என்பதற்கு இத்தொகுப்பே எடுத்துக்காட்டு.

அதே நிறுவனத்தின் வேறொரு பிரிவில் மிகச் சிறியவற்றின் படங்களும் உருவாயின. 1960களின் தொடக்கத்தில் ஃபிலிப் கினே மகரந்தவியல் ஆய்வைத் தொடங்கினார். பின்னர் தணிகைமணி (1938-1986) அப்பிரிவை உலக அளவில் மதிக்கத்தக்கதாக வளர்த்தார். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் அமெரிக்கன் விமானத்தில் அவர் உயிரிழந்தார். மகரந்தத் தூளைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, அதனை அளித்த உலர்செடியின் எண்ணோடு இணைத்து, நுண்ணோக்கிப் படத்தையும் சேர்த்து வெளியிடுவது அவர்கள் கைக்கொண்ட முறை. செடி, தகடு, படம் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாயின. படத்தில் ஐயம் வந்தால் தகட்டுக்கும், தகட்டில் ஐயம் வந்தால் உலர்செடிக்கும் செல்லலாம். பூச்சி ஒளிப்படம் பின்பற்ற வேண்டிய நெறி புதுச்சேரியிலேயே வகுக்கப்பட்டுவிட்டது என்று கூறுவது மிகையன்று.

5. கொசுவும் நோயும்

பூச்சியை இனங்காணுதல் அறிஞர்களின் அவை விவாதம் மட்டும் அன்று என்பதைப் புதுச்சேரி தன் சொந்த அனுபவத்தால் அறியும். யானைக்கால் நோய் இக்கடற்கரை நகரத்தில் நெடுங்காலம் நிலவியது. அதனைப் பரப்பும் கியூலெக்ஸ் குயின்கிஃபேசியேட்டஸ் கொசு சாக்கடை நீரில் பெருகுவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. பி.கே. இராஜகோபாலன் அதன் இயக்குநராக இருந்த காலத்தில், 1981 முதல் 1985 வரை, பூச்சிக்கொல்லியை மட்டும் நம்பாமல் கொசு பெருகும் இடங்களைக் குறைப்பதை முதன்மையாகக் கொண்ட ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டுத் திட்டம் இந்நகரில் நடத்தப்பட்டது.

இத்தகைய திட்டத்தின் அடிப்படை, எந்தக் கொசு எங்கே பெருகுகிறது என்னும் அறிவு. சாக்கடையில் பெருகும் கொசுவுக்கும் கிணற்றிலும் மேனிலைத் தொட்டியிலும் பெருகும் கொசுவுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. இனங்காண உதவும் உறுப்புகளோ மிக நுண்ணியவை. பெண் அனோபிலிசின் வாயருகே உள்ள பால்ப்புகள் உறிஞ்சுகுழலுக்கு நிகரான நீளமுடையவை. பெண் கியூலெக்சில் அவை குட்டையானவை. நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சியின் பால்ப்புகளிலும் கால்களிலும் வெண்புள்ளிகள் சிதறிக் காணப்படும்; அனோபிலிஸ் சப்பிக்டசின் கால்களில் அப்புள்ளிகள் இல்லை. இவ்வேறுபாடுகள் எல்லாம் செதில்களால் ஆனவை. வலையில் அடிபட்டு, குப்பியில் உராய்ந்து, ஈரத்தில் ஊறிய கொசுவில் செதில்கள் உதிர்ந்துவிடும். பிடித்த சில மணி நேரத்துக்குள் எடுத்த தெளிவான மேக்ரோ படம், பின்னர் உதிரப்போகும் சான்றை உதிருமுன் பதிவுசெய்கிறது. இதுவே மாதிரியாலும் செய்ய இயலாத, படத்துக்கே உரிய பணியாகும்.

அனோபிலிஸ் ஸ்டீபென்சி 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டு, பின்னர் அண்டை நாடுகளுக்கும் பரவியது. தெற்காசியக் கொசுவை முன்பின் கண்டிராத ஆய்வகங்கள் அதனை இனங்காண வேண்டிய நிலை எழுந்தது. இந்நிலையில் இந்திய நகரங்களின் மாதிரிகளிலிருந்து எடுத்த நம்பத்தக்க படங்களுக்கு உலகப் பயன் உண்டு.

படத்தின் எல்லையையும் கொசுவே காட்டுகிறது. நாட்டுப்புற மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்பது ஒரே சிற்றினம் அன்று. தோற்றத்தில் பிரித்தறிய முடியாத ஐந்து உடன்பிறப்புச் சிற்றினங்களின் கூட்டம். அவற்றுள் பி எனப்படுவது நோயைப் பரப்புவதில் வலுவற்றது. இராமேசுவரம் தீவில் ஆராய்ந்து 1999இல் விவரிக்கப்பட்ட ஈ எனப்படுவதோ மலேரியாவைப் பரப்புவது. இவ்விரண்டையும் பிரித்தது ஆண் கொசுவின் ஒய் குரோமோசோமின் வடிவம். ஆயிரம் அடுக்குகள் சேர்த்து எடுத்த மேக்ரோ படமும் இவ்வேறுபாட்டைக் காட்டாது; காட்ட இயலாது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாதிரியை எறிந்திருந்தால், இராமேசுவரத்துக் காய்ச்சலுக்குக் காரணம் எது என்னும் வினாவுக்கு விடை கிடைத்திராது.

6. படம் மாதிரியாகுமா?

இக்கேள்வி அண்மைக் காலத்தில் உலகளவில் கடுமையாக விவாதிக்கப்பட்டது. 2015இல் மார்ஷலும் எவன்ஹியூசும் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றை, மாதிரி கையில் இன்றி ஒளிப்படங்களை மட்டுமே கொண்டு புதிய சிற்றினமாக விவரித்தனர். படமெடுத்த பின் அந்த ஈ பறந்து சென்றுவிட்டது. அனைத்துலக விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் 73.1.4ஆம் பிரிவு, ஒரு படத்தை மூலமாதிரியாகக் குறித்தால், அப்படத்தில் உள்ள உயிரியையே குறித்ததாகக் கொள்ளவேண்டும் என்கிறது. ஆகவே விதிப்படி அப்பெயர் செல்லும். ஆயினும் இதனைப் பொதுவழியாக்குதல் கூடாது என்று பலர் எதிர்த்தனர். பெயரிடல் ஆணையம் 2017இல் வெளியிட்ட 45ஆம் அறிவிப்பில், மாதிரியைக் காக்க இயலாத நிலையில் விவரிக்க நேர்ந்தால் அதற்கான காரணத்தையும் விரிவான படச்சான்றுகளையும் தருமாறு பரிந்துரைத்தது.

இந்தியச் சட்டமும் மாதிரியின் பக்கமே நிற்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, புதிதாகக் கண்டறியப்படும் உயிரினத்தின் சான்று மாதிரியை அதற்கெனக் குறிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. மேந்த்ரோன் காலத்தில் கடல்கடந்த மூலமாதிரி இனி நாட்டினுள் இருக்க இவ்விதி வகைசெய்கிறது.

எனினும் காப்பகம் மட்டுமே காப்பாகாது. 2016 ஏப்ரலில் புதுதில்லித் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீக்கு இரையாயிற்று. 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது அதன் பூச்சித் தொகுதியின் பெரும்பகுதி அழிந்தது. எரிந்த மாதிரிகளுள் முன்னரே படமெடுக்கப்பட்டவற்றுக்கு அப்படங்களே எஞ்சிய சான்று. புதுச்சேரி போன்ற கடற்கரை நகரில் தீயைவிட ஈரப்பதமே நாள்தோறும் அச்சுறுத்துவது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெட்டிக்குள் பூஞ்சை படரும். உலர்ந்த பூச்சியை உண்ணும் சிறு வண்டுகள் உள்ளே புகும். ஊசி துருவேறி மாதிரி பிளவுபடும். ஆகவே மாதிரியா படமா என்னும் கேள்வியே பொருந்தாது. மாதிரி அழியக்கூடியது என்பதால் படம் வேண்டும். படம் முழுமையற்றது என்பதால் மாதிரி வேண்டும்.

7. சான்றாகத் தக்க படத்தின் இலக்கணம்

அழகிய படத்துக்கும் சான்றாகத் தக்க படத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வரலாற்றிலிருந்து வகுக்கலாம்.

முதலாவது, பெயர்ச்சீட்டு. கலிபோர்னிய அறிவியல் கழகத்தின் எறும்புத் தரவகமாகிய ஆண்ட்வெப், ஒவ்வொரு மாதிரிக்கும் தலை, பக்கத் தோற்றம், மேற்புறத் தோற்றம் ஆகியவற்றோடு பெயர்ச்சீட்டையும் படமெடுப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளது. நான்காவது படம் அழகற்றது. ஆனால் சிசிண்டெலா டிராங்கபாரிகாவுக்கு நேர்ந்த பிழையைத் தடுக்கவல்லது அதுவே.

இரண்டாவது, அளவுகோல். பெருக்கப்பட்ட படம் அளவுணர்வை அழித்துவிடும். கொசுவும் தும்பியும் ஒரே அளவினவாய்த் தோன்றும். மாதிரியோடு ஒரே தளத்தில் வைத்த அளவுகோலோ, அதே அமைப்பில் அளந்து பொறித்த கோடோ இன்றியமையாதது.

மூன்றாவது, உருவாக்கக் குறிப்பு. குவிய அடுக்குப் படம் ஒரு கணத்தின் பதிவன்று. பல படங்களிலிருந்து கணினி தொகுத்தது. ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் மயிர்களின் ஓரத்தில் இல்லாத ஒளிவட்டமும், சில இடங்களில் இரட்டை மயிரும் தோன்றுவது உண்டு. மயிரின் எண்ணிக்கையே சிற்றினத்தைப் பிரிக்கும் குழுக்களில் இது சிறு பிழையன்று. எத்தனை அடுக்குகள், எவ்வளவு இடைவெளி, எந்த மென்பொருள், கையால் எதுவும் திருத்தப்பட்டதா என்பன குறிக்கப்படவேண்டும். மூல அடுக்குகளும் சேமிக்கப்படவேண்டும்.

நான்காவது, ஒளி. பொன்வண்டு முதலியவற்றின் மின்னும் நிறம் சாயத்தால் அமைந்ததன்று. உடலோட்டின் நுண்ணடுக்குகளில் ஒளி குறுக்கிடுவதால் விளைவது. விளக்கின் கோணம் மாறினால் பச்சை செம்பாகும். நிறத்தை விவரிக்கும் படம் ஒளியின் திசையையும் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, மாதிரியின் எண். படத்திலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து படத்துக்கும் வழி இருத்தல் வேண்டும். மகரந்தத் தகடுகளில் கைக்கொள்ளப்பட்ட நெறி இதுவே.

முடிவுரை

சொன்னெராவின் ஓவியம், மேந்த்ரோனின் ஊசி, இன்றைய ஆய்வகத்தின் மேக்ரோ வில்லை ஆகிய மூன்றும் ஒரே நோக்கம் கொண்டவை: இங்கே கண்டதை இங்கில்லாதவருக்குக் காட்டுதல். ஓவியம் இடத்தில் தவறியது. ஊசி இடத்தைக் காத்தது; ஆனால் மாதிரியை அதன் மண்ணிலிருந்து பிரித்தது. மேக்ரோ ஒளிப்படம் பிரிந்ததை ஓரளவு திரும்பக் கொணர்கிறது. பாரிசுப் பெட்டியில் உள்ள செஞ்சிச் சிலந்தியைப் புதுச்சேரி மாணவர் தம் திரையில் காண இயலுமாயின், நூறாண்டு இடைவெளி ஒன்று குறைகிறது. ஆனால் திரையில் காண்பதை உரிமையோடு குழப்பிக்கொள்ளல் ஆகாது. படத்தைப் புரட்டிப் பார்க்க முடியாது. அதன் காலை எடுத்து மரபணுவை ஆராய முடியாது. அதன் குரோமோசோமை எண்ண முடியாது. எந்தப் பக்கத்தைப் படமெடுப்பது என்பதையும் மாதிரியை வைத்திருப்பவரே முடிவு செய்கிறார்.

ஆகவே வட்டார நிறுவனங்களின் முன் இரு பணிகள் உள்ளன. ஒன்று, வெளிநாட்டுக் காப்பகங்களில் உள்ள தமிழ்நிலத்து மூலமாதிரிகளின் படங்களை, வேண்டிய உறுப்பை வேண்டிய கோணத்தில் கேட்டுப்பெறுதல். மற்றொன்று, கல்லூரித் துறைகளின் அலமாரிகளில் உள்ள மாதிரிகளை அடுத்த மழைக்காலத்துக்கு முன் பெயர்ச்சீட்டோடு படமெடுத்தல். இரண்டாவது பணிக்கு விலையுயர்ந்த கருவி கட்டாயமன்று. 1:1 வில்லை, அசையாத தாங்கி, பரவிய ஒளி, ஒரு மில்லிமீட்டர் அளவுகோல், பொறுமை ஆகியவை இருந்தால் தொடங்கலாம். சீட்டின் மை மங்குவதற்கு முன் அதனைப் படித்துப் பதிவதே முதற்கடமையாகும். வடிவம் அழிந்த பூச்சியைவிட, ஊர்ப்பெயர் அழிந்த பூச்சியே வரலாற்றுக்குப் பேரிழப்பு.